ஏழாம் நம்பர் நாயும் ஏழாம் நம்பர் ஆளும்

எங்கள் அலுவலகத்தில் அந்த அக்காவுக்குச் 'சிவப்பு' என்று பெயர். நிறத்தைப் பார்த்து வைத்த பெயரில்லை. புரோகிராமர் எழுதிக் கொடுப்பது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிப்பது அவர் வேலை. ஓடினால் திரையில் பச்சைக் கோடு வரும், ஓடாவிட்டால் சிவப்புக் கோடு. மற்றவர்களுக்குப் பச்சை வந்தால் நிம்மதி. இவருக்குச் சிவப்பு வந்தால்தான் நிம்மதி. பச்சையாகவே வந்துகொண்டிருந்தால் நாற்காலியில் நெளிவார், தண்ணீர் குடிப்பார், எங்கேயோ ஏதோ ஒளிந்திருக்கிறது என்று மறுபடி ஆரம்பிப்பார்.

நான் அங்கே போன் எடுப்பவன். எங்கள் மென்பொருளை வாங்கியவர்கள் யாரைத் திட்டுவதானாலும் முதலில் என்னைத்தான் திட்ட வேண்டும், அதற்காகத்தான் என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். அதனால் எனக்கு மனித குலத்தின் மேல் பெரிய மரியாதை கிடையாது. அக்கா மேல் மட்டும் உண்டு. அதிலும் சுயநலம்தான். அவர் பிடிக்கிற ஒவ்வொரு தப்பும் என் காதுக்கு வராமல் போகிற ஒரு வசவு.

நாற்பத்தைந்து வயதிருக்கும். பார்த்தால் இன்னும் கூடச் சொல்லலாம். நான் அவரைப் பார்த்த நாளிலிருந்து அவர் களைத்துப் போய்த்தான் இருக்கிறார். சில பேருக்குக் களைப்பு வந்து போகும். இவருக்கு அது கூடவே குடியிருந்தது. நானும் அவரும் ஒரே பஸ்ஸில்தான் வீடு திரும்புவோம். கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குவார். இறங்க வேண்டிய இடம் வந்தால் யாரும் எழுப்பாமல் கண்ணைத் திறப்பார். அந்த வித்தையை நானும் முயன்று பார்த்து, ஒருமுறை டிப்போ வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன்.

கணவர் இறந்து சில வருஷங்களாகிவிட்டன. பிள்ளை இல்லை. வீட்டில் அவரும் மாமியாரும்தான். அந்த அம்மாவுக்கு மூட்டு வலி, காது மந்தம், வாய் மட்டும் முழு ஆரோக்கியம். காலையில் அவரை எழுப்பி, குளிக்கவைத்து, சமைத்து வைத்து, மாத்திரையைக் கையில் கொடுத்து விழுங்குகிற வரைக்கும் பக்கத்தில் நின்று, பிறகு காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் ஓடிவந்து பஸ் பிடிப்பார் அக்கா. சாயங்காலம் அதையே திருப்பிச் செய்வார். இதைப் பற்றி அவர் அலுத்துக்கொண்டு நான் கேட்டதில்லை. "அத்தை எப்படி இருக்காங்க?" என்றால் "நல்லா இருக்காங்க" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் நம்பினேன் என்று சொல்ல முடியாது.

அந்த மாதம் நாங்கள் ஒரு மிருக ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு பெண்மணி, நல்ல குரல் வளம். அவர் கேட்டது சுலபமாகத்தான் தெரிந்தது. எதைப் பற்றி வேண்டுமானாலும் குறிப்பு எழுதி ஒட்டிவைக்க ஒரு வசதி. நாய் மேல் ஒட்டலாம், நாயைக் கொண்டுவருகிறவர் மேல் ஒட்டலாம், கூண்டின் மேல்கூட ஒட்டலாம்.

அதற்குப் புரோகிராம் எழுதியவர் எங்கள் மாப்பிள்ளை. கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் அவருக்கு அந்தப் பெயர் போகவில்லை. எந்த வேலையும் செய்யாமல் உபசாரம் எதிர்பார்க்கிற மாதிரி ஒரு முகவெட்டு. ஆனால் கெட்டிக்காரர். ஒவ்வொரு ரகத்துக்கும் தனித்தனியாகக் குறிப்புப் பெட்டி கட்டாமல், எல்லாக் குறிப்பையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டார். ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு விஷயம் எழுதியிருக்கும், என்ன ரகம், என்ன நம்பர். 'விலங்கு, ஏழு' என்றிருந்தால் அது ஏழாம் நம்பர் விலங்கைப் பற்றிய குறிப்பு. 'ஆள், ஏழு' என்றிருந்தால் ஏழாம் நம்பர் ஆளைப் பற்றியது. பொது உறவு என்பார்கள் இதை. யாரோடு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்கிற உறவு.

இதில் ஒரு சிக்கல். மற்ற உறவுகளில் சொந்தக்காரரை அழிக்கப் போனால் டேட்டாபேஸே கையைப் பிடித்துத் தடுக்கும், இவரை நம்பி இன்னொருத்தர் இருக்கிறார் என்று. இந்தப் பொது உறவை டேட்டாபேஸ் கண்டுகொள்ளாது. அதைப் பொறுத்தவரை அது வெறும் ஒரு வார்த்தையும் ஒரு நம்பரும்தான். யார் போனால் யார் போக வேண்டும், யார் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதுகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே அக்காவுக்குத் தலைக்கு மேல் வேலை.

முதல் கூட்டத்திலேயே அக்கா கேட்டார். "விலங்கு செத்துப் போயி, அதைக் கணக்குலேர்ந்து எடுத்துட்டா, அது மேல ஒட்டியிருந்த குறிப்பெல்லாம் என்ன ஆகும்?"

"அதுவும் கூடவே போயிடும்க்கா," என்றார் மாப்பிள்ளை. "வச்சுக்கிட்டு என்ன பண்றது? சொந்தக்காரன் இல்லாம அனாதையா கெடக்கும். குப்பை."

அக்கா "சரி" என்று குறித்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. மாப்பிள்ளையை மேஜைக்கு அடியில் ஒரு உதை விட நினைத்தேன். ஆனால் அவர் அலுவலக விஷயத்தைத்தான் பேசினார், அதற்கு எப்படி உதைப்பது?

எனக்குச் சுருக்கென்றதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின நாள்தான், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவரிடம் வாயைக் கொடுத்திருந்தேன்.

"என்னக்கா, சாப்பாடு ஆறுது?"

"நேத்துக் காலையில நாத்தனார் போன் பண்ணினா. சனிக்கிழமை கார் எடுத்துக்கிட்டு வர்றாளாம். அத்தையைத் தன்கூடவே கூட்டிட்டுப் போறாளாம்."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கா? மொத்தமா."

நாத்தனார் என்றால் கணவரின் தங்கை, வேறு ஊரில் இருப்பவள். கெட்டவளில்லை. 'அண்ணனே இல்ல, அப்புறம் நீங்க எதுக்கு அண்ணி இந்தப் பாரத்தைச் சுமக்கணும்? இனிமேலாவது கொஞ்சம் ஓய்வா இருங்க' என்று மனசாரச் சொல்லியிருக்கிறாள். மாமியாரும் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவரும் ஒன்றும் சொல்லவில்லையாம். சாயங்காலமே பையில் புடவைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? அவங்க பொண்ணு கூப்பிடறா. நான் யாரு நடுவுல?"

"நல்லதுதானே அக்கா. உங்களுக்கும் உடம்பு தேறும்." இதைச் சொன்னதற்கு என்னையே உதைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கு நான் அதை நம்பித்தான் சொன்னேன்.

அக்கா டப்பாவை மூடினார். "தூங்கலாம்," என்றார். "நினைச்சுப் பாக்கவே ஆசையா இருக்கு. ஞாயித்துக்கிழமை முழுக்கத் தூங்கலாம். அப்புறம் எந்திரிச்சு என்ன பண்றதுன்னுதான் தெரியல." கண் கலங்கவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும் போலிருக்கிறது. சனிக்கிழமை மட்டும் எப்படியாவது வீட்டில் இருக்க வேண்டும், நாத்தனார் வரும்போது தான் அங்கே இருக்க வேண்டும், அதற்குள் சொல்ல ஏதாவது வாயில் வரும் என்றார். அதுவரை வரவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் சோதனை எழுதினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதினார் என்று சொல்வார்களே, அப்படி. அவர் வேலை செய்கிற முறையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சோதிப்பதற்குப் பொய்யாகச் சில நாய்களையும் ஆட்களையும் கூண்டுகளையும் உண்டாக்க வேண்டுமல்லவா? அக்கா அதில் மகா ஒழுங்கு. விலங்குகளுக்கு நூறிலிருந்து நம்பர் கொடுப்பார், ஆட்களுக்கு ஐந்நூறிலிருந்து, கூண்டுகளுக்குத் தொள்ளாயிரத்திலிருந்து. திரையில் ஒரு நம்பர் தெரிந்தால் அது எந்த வீட்டுப் பிள்ளை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஒன்றோடொன்று கலக்காது. பல வருஷப் பழக்கம். புதிதாகச் சேருகிறவர்களிடம் மேனேஜர் அதைத்தான் காட்டுவார், வேலை என்றால் இப்படிச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று.

நூற்றிரண்டாம் நம்பர் நாயின் மேல் குறிப்பை ஒட்டினார். நாயின் பக்கத்தில் வந்தது, பச்சை. ஐந்நூற்று மூன்றாம் ஆளை அழித்தார். அவருடைய குறிப்பு மட்டும் போனது, பச்சை. கூண்டு, பச்சை. மாற்றி மாற்றிப் பார்த்தார், எல்லாம் பச்சை. வியாழக்கிழமை மத்தியானம் கொஞ்ச நேரம் நாற்காலியில் நெளிந்தார். பிறகு, என் நினைவில் முதல்முறையாக, நெளிவதை நிறுத்திவிட்டு, "அனுப்பிடலாம்" என்றார். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். மாப்பிள்ளை அன்றைக்கே சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டோம். சனிக்கிழமை காலை போன் வந்தது.

"உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் புத்தி சுவாதீனம்தானே?" என்றார் டாக்டர்.

"சொல்லுங்க டாக்டர்."

"ஒருத்தர் பூனையைக் கூட்டிட்டு வந்திருக்காரு. ரிட்டையர்டு ஆசிரியர். அவர் பேரைத் தட்டினா என்ன வருது தெரியுமா? 'கடிக்கும். வாயைக் கட்டிய பிறகே தொடவும்.' என் உதவியாளர் அதை அவர் எதிரிலேயே சத்தமாப் படிச்சுட்டா!"

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. இந்தத் தொழிலில் சிரிப்பை மென்று விழுங்கத் தெரியாதவன் பிழைக்க முடியாது. விழுங்கினேன். அடுத்து அவர் சொன்னதில் அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றது. காலையில் ஊர் மாறிப் போன ஒருவரைக் கணக்கிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நாய் இருந்திருக்கிறது. அந்த நாயின் குறிப்புகளும் அவரோடு சேர்ந்து போய்விட்டன. அதில் ஒன்று, இதற்கு இந்த மயக்க ஊசி ஒத்துக்கொள்ளாது என்பது. இன்றைக்கு அந்த நாய்க்கு ஆபரேஷன். எழுதியது டாக்டரே ஆனதால் அவருக்கு ஞாபகம் இருந்தது, நாய் பிழைத்தது. "எனக்கு லீவு நாளா இருந்திருந்தா?" என்று கேட்டார் டாக்டர். அப்போது அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

மேனேஜர் அக்காவை வரச் சொன்னார். நான் போன் பண்ணியபோது அக்கா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம். நாத்தனார் மத்தியானம் வருவதாக இருந்தது. "ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடுமா?" என்று கேட்டார். முடியாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வந்தார்.

வந்தவர் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாப்பிள்ளை முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தான் எழுதியதில் தப்பே இருக்க முடியாது, ஆஸ்பத்திரிக்காரர்கள் எதையோ மாற்றித் தட்டியிருக்கிறார்கள் என்று சாதித்துக்கொண்டிருந்தார். அக்கா தன் பழைய சோதனைகளை மறுபடி ஓட்டினார். பச்சை. மறுபடியும் பச்சை. டாக்டர் சொன்னதை என்னிடம் இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.

"கடிக்கிற நாய் எத்தனாம் நம்பர்?"

"ஏழு."

"அந்த ஆசிரியர்?"

"அவரும் ஏழுதான் அக்கா. அங்க எல்லாமே ஒண்ணுலேர்ந்துதானே ஆரம்பிக்குது."

அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என் நாய் நூறு, என் ஆளு ஐந்நூறு," என்றார். "அதுங்க ரெண்டும் சந்திச்சதே இல்ல."

பிறகு ஒரு புதுச் சோதனை எழுதினார். ஒரு விலங்கு, நம்பர் ஒன்று. ஒரு ஆள், நம்பர் ஒன்று. ஒரு கூண்டு, அதற்கும் ஒன்று. மூன்றின் மேலும் ஆளுக்கொரு குறிப்பு. ஆளை அழித்துவிட்டு நாயின் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். சிவப்பு. மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். குறிப்பைத் தேடி எடுக்கிற இடத்தில் நம்பரை மட்டும் கேட்டிருந்தார், ரகத்தைக் கேட்க விட்டுவிட்டார். ஒரே ஒரு வரி. அக்காவின் நம்பர்கள் எல்லாம் ஒதுங்கி ஒதுங்கி இருந்ததால் அந்த வரியின் வண்டவாளம் கடைசிவரை தெரியவில்லை. கவனமில்லாமல் வேலை செய்கிறவர் யாராவது எல்லாவற்றுக்கும் ஒன்று என்று போட்டிருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும்.

இதற்கு அக்கா தன்னைத் திட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். திட்டிக்கொள்ளவில்லை. "இடிக்க விட்டிருக்கணும்," என்றார். "ஒண்ணோட ஒண்ணு இடிச்சாத்தான் தெரியும்." அவ்வளவுதான். அதற்குள் அவர் போன் இரண்டு தடவை அடித்துவிட்டது. நாத்தனார். "இதோ வந்துடறேன்" என்றார் முதல் தடவை. அடுத்த தடவை எதிர்ப்பக்கம் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரி" என்று வைத்தார்.

"கிளம்பிட்டாங்களா?"

"இருட்டறதுக்கு முன்னாடி ரோட்டைப் பிடிக்கணுமாம். அத்தைதான் நான் வர்ற வரைக்கும் அசைய மாட்டேங்கறாங்களாம்."

மாப்பிள்ளை வரியைத் திருத்தி, முந்தின நாள் நகலிலிருந்து நாயின் குறிப்புகளை மீட்டு, அக்கா எல்லாவற்றையும் மோதவிட்டுப் பார்த்து முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அன்றைக்கு நான் ஸ்கூட்டரில் வந்திருந்தேன். பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். வழியில் அவர் தலை இரண்டு முறை என் முதுகில் முட்டியது. தூக்கம்.

வாசலில் கார் நின்றது. டிக்கி திறந்து கிடந்தது, உள்ளே பைகள். நாத்தனார் கையில் சாவியோடு நின்றாள். மாமியார் வாசல்படிக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அக்காவுக்குக் கால் ஆடியதால் நான் கைப்பையை வாங்கிக்கொண்டு கூடவே போனேன். இல்லாவிட்டால் அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதிகமாகக் கிடையாது.

அக்கா நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, அவர் கால்கள் அவரைக் கீழே இறக்கிவிட்டன.

"சாப்பிட்டியா?" என்றார் மாமியார்.

"இல்ல அத்தை."

"அடுப்புல வச்சிருக்கேன். நாளைக்கும் வரும்." மாமியார் மகளைப் பார்த்தார். "சரி, பாத்துட்டேன். கிளம்பலாம்."

"அண்ணி, வாரத்துக்கு ஒருதரம் போன் பண்ணுவோம்," என்றாள் நாத்தனார். "நீங்களும் லீவு போட்டுட்டு வாங்க. அம்மாவால நீங்க பட்டதெல்லாம் போதும். இனிமே உங்களுக்குப் பாரம் இல்ல."

அக்கா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அந்த 'நல்லா இருக்காங்க' சிரிப்பு. அது வரவில்லை.

"பாரம்தான்," என்றார் அக்கா.

நாத்தனார் திகைத்துப்போனாள். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பாரம்தான் அத்தை. காலையில எந்திரிக்கும்போதே அலுப்பா இருக்கு. மாத்திரையை நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சுக்கறீங்க, எனக்குத் தெரியும். டிவியை அலற விடறீங்க. குளிக்க வாங்கன்னா பொழுதுக்கும் சண்டை. ஒருநாள்கூட நான் ஒழுங்காத் தூங்கினதில்ல." மூச்சு வாங்கினார். "போகாம இங்கயே இருங்க அத்தை."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமியாருக்குப் புரிந்தது போலிருக்கிறது. மந்தமான காது, ஆனால் ஒரு வார்த்தை தவறாமல் கேட்டிருந்தார்.

"இதை எப்பவாவது சொல்லியிருக்கியா?" என்றார். "அவன் போனதுலேர்ந்து, எதைக் கேட்டாலும் சரிங்க அத்தை, சரிங்க அத்தை. வாடகைக்கு இருக்கறவங்ககிட்டப் பேசற மாதிரி ஒரு சிரிப்பு. பெத்த பொண்ணு, இதோ நிக்கறாளே, இவ ஒருநாளைக்கு என்னை எத்தனை திட்டு திட்டுவா? நீ ஒருதரம் கத்தினது உண்டா? அவனும் இல்ல, என்னை வெளியில போன்னு சொல்ல மனசில்லாம நீ வச்சிருக்கியோன்னு நினைச்சேன்."

"என்னைப் போகச் சொல்லிடுவீங்களோன்னு நான் நினைச்சேன்," என்றார் அக்கா. "எனக்கு வேற யாரு அத்தை?"

இவ்வளவு நேரமும் வராத அழுகை அப்போது வந்தது. மாமியாரும் அழுதார், அழுதபடியே டிவி சத்தத்தைக் குறைக்க முடியாது என்பதையும் சொன்னார். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் டிக்கியிலிருந்து பைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். எனக்கு அவள் மேல்தான் பாவமாக இருந்தது. அத்தனை தூரம் காரை ஓட்டி வந்திருக்கிறாள்.

"எந்திரி, சாப்பிடு," என்றார் மாமியார். எழுந்து அக்காவைத் தூக்கிவிடப் பார்த்தார். மூட்டு கேட்கவில்லை. அக்கா தரையில் கையை ஊன்றி எழப் பார்த்தார். அவராலும் முடியவில்லை. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, யார் யாரைத் தூக்குகிறார்கள் என்றே தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். "இது நல்ல கூத்து," என்று பைகளைக் கீழே வைத்துவிட்டு வந்தாள் நாத்தனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தக் கையில் அம்மாவையும் அந்தக் கையில் அண்ணியையும் பிடித்து எழுப்பி, இருவரையும் உள்ளே நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள்.